முடி நடுதலும் பயன் நோக்கிக் காத்திருத்தலும்

திருச்சிற்றம்பலம்

உடம்பைப் பற்றிய சிறு செய்தியும், ஆராயப் புகுவார்க்குப் பெரிய வினாக்களைத் தோற்றுவித்தல் உண்டு. தத்துவம் 96 என எண்ணும் முறையில், தாத்துவிகம் அறுபதனுள் மண்ணின் கூறாக மயிர், தோல், எலும்பு, நரம்பு, தசை என்னும் ஐந்தும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வைந்தனுள் மிக எளிதில் நீங்குவதும், நீங்குங்கால் வலி தாராததும் மயிர் ஒன்றே. அவ்வொன்று பற்றி நம் காலத்து மக்கள் படுந் துயரம் சிறிதன்று. அதனை நகைத்து ஒதுக்குதல் எளிது. யாமும் முதற்கண் அங்ஙனமே ஒதுக்கினேம். ஒதுக்கியது பிழையென்று பின்னர் உணர்ந்தமையின், உணர்ந்த வழியை அன்பர்கள் முன் வைக்கின்றேம்.

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒருநாள் மாலை, வேளச்சேரியில் யாம் உறையும் இல்லத்திற்கு இளைஞர் ஒருவர் வந்தனர். எம்மிடம் முன்னர்ப் பெரியபுராணம் பாடங்கேட்ட அன்பர் ஒருவரின் மகனார் அவர். ஆண்டு முப்பத்துநான்கு நிரம்பியவர். பழைய மாமல்லபுரச் சாலையிலுள்ள கணினி நிறுவனம் ஒன்றிற் பணிபுரிபவர். தலையில் தளர்ந்த துணித் தொப்பி அணிந்திருந்தார். நெற்றியும் இமைகளும் வீங்கியிருந்தன. குளவி கொட்டிற்றோ என அஞ்சி வினவினேம். அவர் தொப்பியை மெல்ல எடுத்தனர். முன்தலை முழுதும் ஆயிரக்கணக்கான சிறு செம்புள்ளிகள் பொருக்குக் கட்டி நின்றன.

“ஐயா, முடி நட்டுக்கொண்டேன், நான்கு நாள் ஆயிற்று. அலுவலகத்திற்குத் தெரியாது. உறவினர்க்கும் தெரியாது. அப்பா தங்களிடம் மட்டும் சொல்லலாம் என்றார். இது தவறா என்று கேட்க வந்தேன்” என்றனர்.

யாம் சிறிதும் ஆராயாது, “தம்பி, உதிர்வது உடம்பின் இயல்பு. உதிர்ந்ததைப் பொருள் கொடுத்து மீண்டும் ஊனில் ஊன்றிக்கொண்டாய். கற்றவன் செய்யத்தக்க செயலா இது?” என்று கடிந்தேம். அவர் மறுமொழி கூறாது தொப்பியை அணிந்துகொண்டு, வணங்கிச் சென்றனர். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவேம். மறுநாள் யாமே அவரில்லஞ் சென்று, நிகழ்ந்தன யாவற்றையும் கேட்டறிந்தேம்.

இச்சிகிச்சையின் இயல்பை அறியாதார்க்குச் சிறிது கூறுதும். மாந்தர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர் உள. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்ந்து, சிலகிழமை சுருங்கி, மூன்று திங்கள் அளவு ஓய்ந்து, பழையதை உதிர்த்துப் புதியதை எழுப்பும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்தல் யாவர்க்கும் இயல்பே. ஆடவர் வழுக்கை இவ்வியல்பின் வேறு. குடிவழியாக வந்த ஒரு தன்மையால், முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் உடலிற் சுரக்கும் ஒரு பொருளுக்கு ஆற்றாதனவாய், முறைதோறும் சிறுத்து மெலிந்து போகும். பிடரியிலும் பக்கங்களிலும் உள்ளவை அதற்கு அத்துணை மெலியா. சப்பான் நாட்டு மருத்துவர் ஒக்குடா என்பார், மயிருள்ள தோலைச் சிறு வட்டமாக எடுத்து மயிரற்ற இடத்தில் ஊன்றும் முறையை 1939-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். நியூயார்க்கு நகரத்து மருத்துவர் ஓரண்டிரைக் என்பார், பிடரியினின்றும் பெயர்த்து உச்சியில் நட்ட மயிர், நட்ட இடத்தின் இயல்பைக் கொள்ளாது பிறந்த இடத்தின் இயல்பையே கொண்டு வளரும் என்பதை 1959-ஆம் ஆண்டில் விளக்கினர். இக்காலத்து மருத்துவர் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, ஒரே அமர்வில் ஈராயிரம், மூவாயிரம் என நடுகின்றனர். தலை மரத்துப்போக ஊசியிடுவர், நோயாளி விழித்தேயிருப்பர்.

நட்ட பின்னர்ச் செய்தற்குரியன பல. சில நாள் தலையை உயர்த்தி வைத்து உறங்கல் வேண்டும், உப்புநீரைப் பனிபோலத் தெளித்தல் வேண்டும், சொறிதல் கூடாது, வெயிலிற் சேறல் கூடாது. பொருக்குகள் ஏழு முதல் பத்து நாளில் உதிரும். ஆயின் அரிய பகுதி அதன் பின்னரே தொடங்கும். நட்ட மயிரிற் பெரும்பாலன இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் உதிர்ந்துவிடும். வேர் தோலினுள்ளே கிடக்கும். புறத்தே யாதுந் தோன்றாது. மூன்று நான்கு திங்கள் கழித்தே புதிய முளை எழும். முழுப்பயன் இதுவென்று அறிய ஓராண்டு செல்லும்.

இனி, அவ்விளைஞர் வினாவியதனைத் தடைவிடைகளால் ஆராய்வாம்.

வழுக்கை ஊழால் வந்தது. உடலூழாய் நுகர வந்த பிராரத்தத்தை மாற்றப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறன்றோ எனின், அற்றன்று. பசியும் பிராரத்தத்தால் வருவதே. அதனால் உண்ணாதிருப்பார் யாருமிலர். வினை சடம் ஆதலின், தானே சென்று செய்தவனைப் பற்றாது, இறைவனே ஊட்டுவான். ஊட்டுங்கால் நோயை மட்டும் ஊட்டி, மருந்தை வேறு ஒருவன் படைத்தான் என்பது சித்தாந்தமாகாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்க்கு உதவியாகத் தரப்பட்டன. அவற்றைச் செப்பஞ்செய்து கோடல் தந்தவனை மறுத்தலன்று. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அஃது அந்நிலத்தியல்பு என்று சொல்லக் கேட்ட திருஞானசம்பந்த சுவாமிகள் வாளாவிருந்தாரல்லர். வினையென்று சொல்லி உய்யும்வழி தேடாதிருத்தல் குறைபாடென்னும் கருத்தமையத் திருநீலகண்டப் பதிகம் அருளினர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணிழந்தபோது, ஊழென்று அமைந்தாரல்லர். வழியெலாம் வேண்டிச் சென்றனர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றனர். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றனர். ஒரே தலத்தில் ஒரே நாளில் யாவும் பெற்றாரல்லர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அற்றேல், சுரமும் குருடும் துன்பம். வழுக்கை யாது துன்பம்? அழகு வேண்டுதல் ஆணவத்தின் செயலன்றோ எனின், இத்தடையே வலியது. யாமும் இதுபற்றியே கடிந்தேம். இதற்கு விடை தேடுவார் முதலில் நம் சமய வழக்கையே நோக்குதல் வேண்டும். ஆதீனங்களில் தம்பிரான்கள் சடைமுடி தாங்குகின்றனர். பழனியிலும் புள்ளிருக்குவேளூரிலும் மக்கள் முடியிறக்கிக் காணிக்கை செலுத்துகின்றனர். புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய பெருமானுக்கு வைத்தியநாதன் என்பது திருநாமம். நோய் தீர்க்கும் மருத்துவன் திருமுன்னரே மயிர் கொடுக்கப்படுகின்றது. வளர்த்தலும் களைதலும் இரண்டும் நம்மிடை உள. தலைக்கோலம் எதுவாயினும் அகத்தூய்மைக்கு அஃது ஈடாகாதென்பதைத் திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தியதும் அறிவோம். ஆயினும், ஈடாகாது என்பது வேறு. இழிந்தது என்பது வேறு.

மானக்கஞ்சாற நாயனார் வரலாற்றை நோக்குக. மகளின் மணநாளில் மாவிரதி வேடந்தாங்கி வந்த பெருமான், அப்பெண்ணின் நீண்ட கூந்தல் பஞ்சவடிக்கு உதவும் என்றனர். நாயனார் அக்கணமே அரிந்து நீட்டினர். மயிர் மதிப்பற்ற பொருளாயின், அதனைக் கொடுத்தது தொண்டாகுமா? மணக்கோலங் கொண்ட பெண்ணுக்குக் கூந்தல் எத்துணை அரியதோ அத்துணை அரியதாயிற்று அக்கொடை. கேட்டுப் பெற்ற பெருமானே அதனை மீளவும் வளரச்செய்து அருளினர். எனவே, மயிரின்மேல் வைத்த விருப்பம் முழுதும் இறைவனால் இகழப்பட்டது என்று துணிதற்கு இடமில்லை.

அன்றியும், அவ்வரலாற்றில் மணமகனாராய் வந்த ஏயர்கோன் கலிக்காமர், நிகழ்ந்ததைக் கேட்டு மிக உவந்தனர். பெருமானின் திருக்கோலத்தைத் தாம் காணப்பெறாமைக்கே உளம் தளர்ந்தனர். கூந்தலிழந்த பெண்ணை மணப்பது எங்ஙனம் என்று அவர் தளர்ந்ததாகச் சேக்கிழார் சுவாமிகள் கூறவில்லை. இவ்வரலாற்றைப் பன்முறை சொற்பொழிவாற்றிய யாம், இப்பகுதியைக் கடந்து சென்றோமேயன்றி எம்மளவிற் பொருத்திப் பார்த்தேமல்லேம்.

இவ்விடத்தே எம் பிழையைக் கூறுதல் வேண்டும். பதினைந்து ஆண்டுகட்கு முன், எம் தங்கை மகளுக்கு ஒரு வரன் வந்தது. பள்ளியாசிரியர், தேவாரம் பண்ணோடு ஓத வல்லவர், குடிப்பிறப்பும் ஒழுக்கமும் குறைவற்றவர். தலை முழுதும் வழுக்கை. பெண் ஒன்றுஞ் சொல்லவில்லை. தங்கையும் மைத்துனரும் எம் கருத்தை நாடினர். “வயது முதிர்ந்தவர்போல் தோன்றுகின்றார், நாலுபேர் நகைப்பர்” என்றேம். அவ்வளவிற் பேச்சு முடிந்தது. தரகரிடம், சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினேம். சாதகம் நன்கு பொருந்தியே இருந்தது. அவ்வாசிரியர் அதனை நம்பியிரார். யாம் அவ்விளைஞரைக் கடிந்த இரவில் எம் கண்முன் நின்றவர் அவரே. வழுக்கையை இழிவென்று வைத்தவர் யாம். அவ்விழிவுக்கு அஞ்சித் தலையில் ஊசியேற்றுக்கொண்டவனை ஆணவத்தான் என்று கடிந்தவரும் யாம். அவ்விளைஞர் பெண்வீட்டார் நால்வரால், ஒவ்வொருமுறையும் வேறு காரணங்கூறி மறுக்கப்பட்டனர் என்பதை அவர் அன்னையார் எம்மிடம் கூறியபோது, அந்நால்வருள் ஒருவராக எம்மை யாம் கண்டேம்.

ஆகவே வழுக்கை தருந் துன்பம் மயிர்க்காலில் இல்லை; காண்பார் கண்ணில் உளது. ஆணவம் உளதாயின், அழகு வேண்டுவானிடத்து ஒரு பங்கும், அழகின்மையை எள்ளுவாரிடத்துப் பெரும்பங்கும் உளது என்பதே எம் துணிபு.

அங்ஙனமாயினும், விருப்பம் வரம்பிகவாமை வேண்டும். உயிர்க்கு ஊறு நேராவாறு அறிந்து செய்தலும் கடப்பாடே. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், இச்சென்னையிலே இச்சிகிச்சை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிர் நீத்தனர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், தகுதிபெற்ற மருத்துவரே இதனைச் செய்தற்குரியர் என்றும், காணொளி பார்த்துக் கற்றல் போதிய பயிற்சியாகாதென்றும் நெறி வகுத்து வெளியிட்டது. உடம்பு இறைவன் தந்த கருவி என்பார், அக்கருவியை விளம்பரத்தின் மலிவு நோக்கி யார் கையிலேனும் ஒப்புவித்தல் தகாது.

மூன்றாவது ஐயத்தை அவ்விளைஞரே எழுப்பினர். “ஐயா, முடி வளர்ந்தபின் பெண்வீட்டார் வந்தால், நட்டது என்று சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் பொய்யாகுமா?” என்றனர். நட்ட மயிர் பொய்ம்மயிரன்று. அவருடம்பினின்றே எடுத்து அவருடம்பிலேயே ஊன்றப்பட்டது. அதனைத் தெருவோர்க்கெல்லாம் அறிவித்தல் கடனன்று. எனினும் வாழ்நாள் முழுதும் உடனுறையப் புகுவார்க்கு மறைத்தல், மறைப்பானுக்கே சுமையாகும். குடிவழித் தன்மை மக்கட்கும் செல்லுதலின், அறிதற்குரிய உரிமையும் அவர்க்கு உண்டு. “தம்பி, கேட்குமுன் சொல்லிவிடு. சாதகம் பொருந்தவில்லை என்று பொய் சொன்ன யாம், உனக்கு இதனைச் சொல்லும் தகுதியுடையேமா என அறியேம், ஆயினும் சொல்லுகின்றேம்” என்றேம்.

மார்கழித் திங்களில், தண்டீசுவரர் திருக்கோயிலில் விடியற்காலை வழிபாட்டிற்கு யாம் நாடோறும் செல்வேம். அவரும் உடன்வரத் தொடங்கினர். மார்க்கண்டேயர் பொருட்டுத் திருக்கடவூரிற் பெருமானால் உதைக்கப்பட்டுத் தண்டத்தை இழந்த இயமன், இத்தலத்தில் வழிபட்டு அதனை மீளப்பெற்றான் என்பது தலவரலாறு. ஒருநாள் அவர் சட்டைப்பையினின்றும் ஒரு தாள்மடிப்பை எடுத்து விரித்தனர். உள்ளே சிறுசிறு மயிர் பல கிடந்தன. தலை துவட்டிய துண்டில் இருந்தனவாம். “மருத்துவர் முன்னரே சொன்னார். ஆனாலும் கண்ணால் பார்க்கும்போது எல்லாம் போயிற்று என்றே தோன்றுகிறது” என்றனர். குரல் தழுதழுத்தது.

இன்று மாடங்கள் நெருங்கிய இவ்வேளச்சேரியும் ஒருகாலத்தில் ஏரிப்பாசனம் பெற்ற சிற்றூரே. யாம் பிறந்ததும் காவிரிப்பாய்ச்சல் நாட்டில், மாயூரத்தை அடுத்த ஊரில். ஆகலின் எமக்கு நாற்று நடவே நினைவுக்கு வந்தது. நாற்றங்காலிற் செழித்து நின்ற பயிர், பறித்து நட்ட முதற் சிலநாள் மஞ்சளித்துச் சோரும். அறியாதான் பட்டதென்பான். உழவன் வரப்பில் நின்று நீரை மட்டும் பார்த்துக்கொள்வான். பிடுங்கி வேர் பார்க்க மாட்டான். சிலநாளில் அது வேர்பிடித்துப் பச்சை கட்டும். இதனை அவர்க்குக் கூறினேம். சிறிது தேறினர்.

கூறியபின் எமக்கே ஒரு சிந்தனை எழுந்தது. மலபரிபாகம் வருந்துணையும் இறைவனது சத்தி மறைந்து நின்று நடத்தும்; அதனைத் திரோதானம் என்று நூல்கள் கூறும். மலத்தோடு நின்று தொழிற்படுதல் பற்றி அதற்கு மலம் எனவும் பெயர் தந்தனர். உண்மையில் அஃது அருளே. உயிர்க்கு யாதும் நிகழவில்லை என்று தோன்றும் காலத்திலேயே நிகழ்தற்குரியது நிகழ்கின்றது. நாற்பது ஆண்டு இதனைப் பாடஞ் சொன்னேம். ஆயினும் எம் வழிபாட்டிற்கு இன்னும் ஏன் பயன் காணவில்லை என்று உள்ளூர அலுத்த நாள் பல. தாளில் மடித்த மயிரைக் காட்டிக் கலங்கிய அவ்விளைஞர்க்கும் எமக்கும் வேறுபாடு பெரிதன்று.

இஃது ஒருபுடை உவமையே என்க. மயிர் வளர்ந்தாலும் ஒருநாள் நரைக்கும். உடம்போடு ஒருங்கு அழியும். திருவருட்பேறு அங்ஙனம் அழிவதன்று. மயிர் வளராமலும் போகலாம். நட்டன யாவும் பிழைக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூறார். இருவினையொப்பு என்னும் நிலை, வந்ததிலும் வாராததிலும் உயிர் ஒத்து நிற்பது. ஓராண்டு காத்திருத்தல் அந்நிலையைத் தந்துவிடாது. ஆயின் அதன் வாயிற்படியிற் சிறிதுபொழுது நிற்கச்செய்யும். செய்வதைச் செய்துவிட்டுக் கையெடுத்தல் என்பது யாதென்று, நூலறிவால் அறிந்தார் பலர். நாடோறும் கண்ணாடியின் முன் நின்று அறிபவர் சிலர்.

திருவெண்பாக்கத்துத் திருக்கோயிலையும் ஈண்டு நினைக்கின்றேம். 1944-ஆம் ஆண்டில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது, அப்பழங்கோயில் நீர்ப்பரப்பினுள் அகப்பட, பின்னர் வேறிடத்தில் எடுத்து அமைக்கப்பெற்றது. ஊன்றுகோல் தந்த பெருமானும் பெயர்த்து நடப்பெற்றனர். இடம் மாறியதுபற்றி வழிபடுவார் அன்பு குறையவில்லை. பெயர்த்து நட்டது என்பதொன்றே கொண்டு ஒரு பொருளைப் போலி என்று இகழ்தல் பொருந்தாமைக்கு இதுவும் சான்றாகும்.

இதனை எழுதுவது வைகாசித் திங்கள். ஆறு திங்கள் கழிந்தன. அவர் முன்தலையிற் பங்குனிக் கடைசியில் மெல்லிய முளைகள் தோன்றின. இப்பொழுது, மழைக்குப் பின் வரப்பில் எழும் புல்போல, ஓரிடத்து அடர்ந்தும் ஓரிடத்து அருகியும் நிற்கின்றன. தொப்பியை விட்டுவிட்டனர். சித்திரையில் ஒரு வரன் வந்தது. பெண்ணிடம் தொலைபேசியில் தாமே யாவுங் கூறிவிட்டதாகச் சொன்னார். அப்பெண் நகைக்கவில்லையாம், வீட்டிற் கலந்து சொல்வதாகக் கூறினாராம். மறுமொழி இன்னும் வரவில்லை.

யாமும் ஒன்று செய்தேம். அப்பள்ளியாசிரியர் இருக்குமிடம் வினவி அறிந்து, அன்று யாம் சொல்லியனுப்பிய காரணம் உண்மையன்று என்றும், பொறுத்தருள வேண்டும் என்றும் கடிதம் எழுதினேம். பதினைந்து ஆண்டு கழித்து இதனால் அவர்க்கு ஆவதொன்றில்லை என்று எம் இல்லத்தார் கூறினர், உண்மையே. எனினும் எழுதி அஞ்சலிற் சேர்த்தாயிற்று. அவ்விளைஞரும் யாமும் மாலையில் தண்டீசுவரர் கோயில் வலம்வந்து, கொடிமரத்தருகே சிறிதுபொழுது அமர்ந்து எழுகின்றேம். இருவர்க்கும் மறுமொழி வரவேண்டியிருக்கின்றது.

சிவம்.